நிமிர்த்தி வைத்த கல்

ராஜா ஒருவர் இருந்தார் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கதை நடந்த பூமிக்கு எந்த ராஜாவும் வந்ததில்லை. வரி வாங்கக்கூட ஆள் அனுப்பியதில்லை. அனுப்பின ஆள் திரும்பி வரவேண்டுமே! ஆகையால் இது ராஜா இல்லாத கதை. உட்காருங்கள். பிள்ளைகள் முன்னால் வாருங்கள். சிரிக்கிற கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கீறக்காடு என்று ஒரு காடு. காடு என்றதும் மரம் அடர்ந்த காடு என்று நினைத்துவிடாதீர்கள். செம்மண் மேடும் பள்ளமும்தான் காடு. எந்தக் காலத்து மழையோ அந்த மண்ணைக் கீறிக் கீறிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு மேடு ஏறினால் ஒரு பள்ளம். பள்ளத்தில் இறங்கினால் மூன்று பிளவு. எந்தப் பிளவில் போனாலும் பழையபடி ஒரு மேடு. அங்கங்கே உடைமுள், அங்கங்கே கள்ளி. அங்கேயே பிறந்து வளர்ந்தவன்கூடக் கண்ணைக் கட்டிவிட்டதுபோலச் சுற்றுவான்.

ஆனால் அங்கேயும் உயிர்கள் இருந்தன. வெளிமான் இருந்தது. கௌதாரி இருந்தது. நரி இருந்தது. மனிதன் முதன்முதலில் கீறக்காட்டுக்குள் நடந்தது இவற்றின் பின்னால்தான். மான் இறங்கின சரிவில் இறங்கினான். கௌதாரி கத்தின பக்கம் திரும்பினான். நரி தோண்டின இடத்தில் தோண்டினான். தண்ணீர் கிடைத்தது. அப்படித்தான் அங்கே ஒரு பாதை உண்டானது.

பாதைக்கு இந்தப் பக்கம் விடத்தலாம்பட்டி. அந்தப் பக்கம் உசிலங்கரை. இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு. காட்டின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக வண்டிப்பாதையும் உண்டு. வழியில் கிணறுகள் உண்டு, பயமில்லை. ஆனால் நாள் பிடிக்கும், மாட்டுக்கும் மனுசனுக்கும் இடுப்பு ஒடிந்துபோகும். குறுக்கே நடந்தால் மறுநாளே போய்ச் சேரலாம். நடுவில் குடிக்க ஒரு வாய் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காக விடத்தலாம்பட்டிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

பாதையில் இருக்கிற ஒவ்வொரு சுனைக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. சுனைக்குப் பக்கத்து உயரமான மேட்டில் அந்தக் குடும்பம் மூன்று கல் அடுக்கி வைக்கும். அடியில் பெருங்கல், நடுவில் இடைக்கல், உச்சியில் தலைக்கல். தலைக்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். வெகுதூரத்தில் வருகிறவனுக்கும் வெள்ளையாகத் தெரியும். தலைக்கல் நின்றால் தண்ணீர் உண்டு, தைரியமாக நட. தலைக்கல் விழுந்துகிடந்தால் தண்ணீர் இல்லை, திரும்பி வண்டிப்பாதைக்குப் போ.

சுனை வற்றினதை யார் முதலில் பார்த்தாலும் தலைக்கல்லைத் தள்ளிவிட வேண்டும். சொந்தச் சுனை, அடுத்தவன் சுனை என்ற பேதம் கிடையாது. தள்ளிவிட்டு ஊருக்கு வந்து, ஊர் கூடுகிற மந்தையில் நின்று, "கல் சாய்ந்தது, கல் சாய்ந்தது, கல் சாய்ந்தது" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வழக்கம். மனுசப்பயல் எதையாவது இதோடு நிறுத்துவானா? மழை பெய்து முடிந்ததும் ஊரில் அம்மன் கொடை என்கிற திருவிழா நடக்கும். பொங்கல் பானை இறக்கினதும் முதல் கைப் பொங்கல் யாருக்கு? எந்தக் குடும்பத்துக் கல் அந்தக் கோடையில் கடைசிவரை நின்றதோ அவர்களுக்கு. கல் சாய்ந்த குடும்பம் கடைசி வரிசைக்குப் போய் உட்கார வேண்டும். ஒரு கைப் பொங்கல்தான். அதற்கு எத்தனை மீசை முறுக்கல், எத்தனை சாடைப்பேச்சு!

இருளப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுடைய சுனைதான் பாதையின் நட்டநடுவில் இருந்தது. அவன் கல் அதுவரை சாய்ந்ததே இல்லை. முதல் கை வாங்கி வாங்கி அவன் நடையே மாறிப்போயிருந்தது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. உழைப்பாளி. தடம் பார்ப்பதில் கெட்டிக்காரன். மான் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று மண்ணைத் தொட்டே சொல்லிவிடுவான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தின கோடையில் பெரியமாடன் என்பவனுடைய சுனை வற்றியது. பார்த்தது இருளப்பன். தலைக்கல்லைத் தள்ளினான், அது முறை. மந்தையில் மூன்று தரம் சொன்னான், அதுவும் முறை. அதோடு விட்டானா?

"ஏ பெரியமாடா, கடைசி வரிசையில உனக்கு எடம் பிடிச்சு வைக்கச் சொல்லட்டுமா? ஒரு துண்டைப் போட்டு வையி, வேற எவனும் உக்காந்துரப் போறான்!" என்றான்.

ஊரே சிரித்தது. பெரியமாடன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தச் சிரிப்பு இருளப்பன் காதில் அப்போது தேனாக இருந்தது. அடுத்த கோடையில் அதே சிரிப்பு அவனைத் தூங்கவிடாமல் அடித்தது.

அந்தக் கோடை வந்தது பாருங்கள், அதைப்போல ஒரு கோடையை யாரும் பார்த்ததில்லை. பாதையில் இருந்த சுனைகளில் இருளப்பன் சுனை ஒன்றுதான் மிச்சம். வெள்ளையாக நிற்கிற கல்லும் அவன் கல் ஒன்றுதான்.

முதல் தரம் சுனையில் தூர்ந்த மண்ணை அள்ளப் போனான் இருளப்பன். வழியில் வெளிமான் தடம். சுனைச் சரிவுவரை வந்த தடம் கீழே இறங்கவில்லை. விளிம்பில் நின்று, மண்ணைக் கிளறி, அப்படியே வடக்கே திரும்பியிருந்தது. இறங்கிப் பார்த்தான். அடியில் ஒரு கை ஆழத்துக்குக் கலங்கின தண்ணீர்.

"ஓநாய் வாடைக்கு மிரண்டு திரும்பியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் அவன் பெண்சாதி சடைச்சி கேட்டாள். "சுனை எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றான்.

இரண்டாம் தரம் போனான். விடியற்காலையில் சுனைப்பக்கம் கௌதாரிச் சத்தம் காதைத் துளைக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மண்ணில் ஒரு கால்தடம்கூட இல்லை. சுனையில் கை வைத்தான். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. தோண்டினால் சேறுதான் வந்தது.

"முட்டையில உக்காந்திருக்கும். இப்ப எதுக்குக் கத்தப்போவுது?" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

சடைச்சி கேட்டாள். "சுனை எப்படி இருக்கு?"

"அதான் இருக்குன்னேனே!" என்று எரிந்து விழுந்தான்.

சடைச்சி சும்மா கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், பெயர் ஆவுடை. உசிலங்கரையில் கொம்பையா என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆவுடைக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. தாய்க்கு நினைப்பெல்லாம் மகள் வருகிற பாதையில் இருக்காதா?

"பிள்ளைய எப்பக் கூட்டியாறப் போறீரு?" என்று கேட்டாள்.

"மாசம் பிறக்கட்டும். நானே வண்டி கட்டி, சுத்துப்பாதையில போய்க் கூட்டியாறேன்" என்றான்.

கவனித்தீர்களா? சுற்றுப்பாதையாம்! ஊருக்குக் கல்லைக் காட்டிக்கொண்டு, தன் மகளுக்கு மட்டும் சுற்றுப்பாதை. சுனையில் தண்ணீர் இல்லை என்பது அவன் நெஞ்சுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாம் தரம் போனான். போகும்போதே சூறைக்காற்று சுழற்றிக்கொண்டிருந்தது. சுனைக்குள் ஒரு நரி கிடந்தது. முன்னங்கால் இரண்டையும் வைத்து ஆழமாகத் தோண்டியிருந்தது. தோண்டின குழிக்குள்ளேயே மூக்கை வைத்தபடி செத்திருந்தது. குழியின் அடிமண் புழுதியாகக் காய்ந்துபோயிருந்தது.

இதற்கு ஒரு சாக்கும் அவனுக்குக் கிடைக்கவில்லை. மேட்டில் ஏறினான். ஏறிப் பார்த்தால், சூறைக்காற்றில் தலைக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும், உருண்டுவிடும். அந்தக் காட்டுக்கே அவன்மேல் இரக்கம் வந்து, 'அப்பா, நீ தள்ள வேண்டாம், பாதி நானே தள்ளிவிட்டேன்' என்று சொன்ன மாதிரி இருந்தது.

இருளப்பன் கல்மேல் கையை வைத்தான். தள்ளத்தான் வைத்தான். சத்தியமாகத் தள்ளத்தான் வைத்தான். அந்த நேரம் பார்த்து மந்தைச் சிரிப்பு காதில் கேட்டது. பெரியமாடன் குனிந்த தலையை நிமிர்த்தித் தன்னைப் பார்க்கிறதுபோலத் தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு துண்டு விரித்துக் கிடப்பது தெரிந்தது.

கிழக்கே பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம்.

"மழை வருது. இன்னைக்கோ நாளைக்கோ கொட்டப்போவுது. கொட்டினா சுனை ஊறிரும். அதுக்குள்ள இந்த வெயில்ல எவன் வரப்போறான்?"

சாய்ந்திருந்த தலைக்கல்லை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிமிர்த்தி வைத்தான். ஆடாமல் இருக்க அடியில் ஒரு சில்லுக்கல்லும் செருகினான். மேல்துண்டால் சுண்ணாம்பின் மேலிருந்த புழுதியையும் துடைத்துவிட்டான். அட பாவி மனுசா! துடைக்க வேறு செய்தான்!

வீட்டுக்கு வந்தான். சடைச்சி கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். இவனாகவே, "சுனை இருக்கு" என்றான்.

மேகம் வந்தது. வந்த வழியே போயிற்று. ஒரு சொட்டு விழவில்லை.

மாசம் பிறக்கச் சில நாள் இருந்தது. வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான் இருளப்பன். காலை நேரம், பால் கறந்து முடித்திருந்தார்கள். தெருமுனையில் யாரோ விழுந்து எழுந்து வருவதுபோல இருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், மண்பூசின மாதிரி ஒரு மனிதன். கிட்டத்தில் வந்த பிறகுதான் அது மருமகன் கொம்பையா என்று தெரிந்தது. தனியாக வந்திருந்தான்.

சடைச்சி செம்புத் தண்ணீரோடு ஓடினாள். அவன் குடிக்கவில்லை. செம்பைப் பார்த்ததும் அழுதான். அழுவதற்குக் கண்ணில் நீர் இல்லை.

"எங்க ஊர்க் கெணறு வத்திப்போச்சு மாமா. அவளுக்கு இடுப்புல லேசா வலி எடுத்துச்சு. சுத்துப்பாதையில போனா நாளாகும், வண்டி குலுக்கும்னு அவதான் சொன்னா. நடந்துரலாம்னா. சுத்துப்பாதை பிரியுற பிரிவு மேட்டுல நின்னு பார்த்தோம். உங்க கல்லு வெள்ளையா நின்னுச்சு."

இருளப்பன் மசகுச் சட்டியைக் கீழே வைத்தான்.

"பாதி வழியில எனக்குச் சந்தேகம் வந்துச்சு மாமா. மான் தடம் ஒண்ணுகூடச் சுனைப்பக்கம் போவலையே, திரும்பிருவோமான்னேன். 'மானு வழி தப்பினாலும் தப்பும், எங்கய்யா கல்லு தப்பாது'ன்னு சொல்லிட்டு முன்னால நடந்தா. கிட்டப் போய்ப் பார்த்தோம். கல்லுல தூசி துடைச்சிருந்துச்சு. அடியில சில்லு செருகியிருந்துச்சு. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'பாத்தீகளா, எங்கய்யா இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்காக. நான் வருவேன்னு தெரிஞ்சு கல்லைத் துடைச்சு வச்சிருக்காக'ன்னா. அப்புறம்தான் மாமா சுனைக்குள்ள எறங்கினோம். அதோட அவளால ஒரு அடி வைக்க முடியலை, அங்கனயே விட்டுட்டுத் தண்ணிக்கு ஓடியாந்தேன்."

வந்த வழியைக் கையால் காட்டினான்.

பெரியமாடன்தான் முதலில் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் ஊர் ஓடியது. இருளப்பனும் ஓடினான். மான் தடத்தைத் தொட்டு நேரம் சொல்லுகிறவன், அன்றைக்குப் பாதை தெரியாமல் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றான். பெரியமாடன் திரும்பி வந்து, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

ஆவுடை மேட்டின் மேல் இருந்தாள். சுனையில் தண்ணீர் இல்லை என்றதும், நிழலுக்காக அந்தக் காட்டிலேயே நிழல் இருந்த ஒரே இடத்துக்கு ஏறியிருக்கிறாள். அப்பன் அடுக்கின கல்லில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரியமாடன் குடத்தைக் கீழே வைத்துவிட்டான். இனி அந்தத் தண்ணீருக்கு வேலை இல்லை. வயிற்றுப் பிள்ளையும் தாயோடு போய்விட்டது.

இருளப்பன் அழவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் போனான். செருகின சில்லை உருவினான். தலைக்கல்லைத் தள்ளினான். அது உருண்டு உருண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. ஒரு கைத் தள்ளுதான். எவ்வளவு லேசான வேலை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்தான். மகளை மண்ணுக்குள் வைத்தபின் மந்தையில் நின்றான். "கல் சாய்ந்தது, கல் சாய்ந்தது, கல் சாய்ந்தது" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் சிரித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். பெரியமாடன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான், தன் கல் சாய்ந்த அன்றைக்குப் போனதுபோலவே.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லையே, என்ன செய்ய?

பிறகு மழை வந்தது. தாமதமாக, ஊரை அடித்துக்கொண்டு போகிற மாதிரி வந்தது. சுனை ஊறிற்று. விளிம்புவரை நிறைந்தது. வெளிமான் சரிவில் இறங்கிற்று. கௌதாரி கத்திற்று. புதிதாக ஒரு நரி தன் குட்டிகளோடு வந்து குடித்தது. அவை எதுவும் கல்லைப் பார்த்து வந்தவை அல்ல, தண்ணீரைப் பார்த்து வந்தவை.

இருளப்பன் பள்ளத்திலிருந்து தலைக்கல்லைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏற்றினான். முறைப்படி நிறுத்தினான். புதுச் சுண்ணாம்பு பூசினான். இந்தத் தரம் கல் சொன்னது முழு உண்மை. பிரிவு மேட்டில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சுற்றுப்பாதையில் திரும்பினார்கள். அவன் கல்லை மட்டுமல்ல, யார் கல்லையும் நம்பவில்லை. பெரியமாடன் சுனையிலும் தண்ணீர் ததும்பியது, அவன் கல்லும் நின்றது. அதையும் ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் நடக்காத பாதையை உடைமுள் மூடிற்று. மூத்தவர்கள் மானுக்குப் பின்னால் நடந்து உண்டாக்கின பாதை மறுபடி மானுக்கே போய்விட்டது.

அம்மன் கொடை வந்தது. பொங்கல் பானை இறக்கினார்கள். முதல் கை யாருக்கு என்று பேச்சு வந்தது. எல்லாக் கல்லும் சாய்ந்த கோடை அது. ஆனாலும் கடைசிவரை நின்றது இருளப்பன் கல்தானே? முறை என்று பார்த்தால் அவனுக்குத்தானே வருகிறது? பூசாரி தடுமாறினார்.

இருளப்பன் கடைசி வரிசையில், மண்ணில், துண்டுகூட விரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சடைச்சி எழுந்தாள். மகள் போனதிலிருந்து அவள் புருசனோடு ஒரு சொல் பேசியதில்லை. பானைப் பக்கம் போனாள். கொதிக்கிற பொங்கலை வெறுங்கையால் ஒரு கை அள்ளினாள். வரிசை வரிசையாகத் தாண்டி வந்து இருளப்பன் முன்னால் நின்றாள்.

"கையை நீட்டும்" என்றாள்.

நீட்டினான்.

"பிடியும் உம்ம முதல் கையை. இதுக்குத்தானே எம்பிள்ளையக் குடுத்தீரு? சூடு ஆறுறதுக்குள்ள தின்னும்."

அவன் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. கொடை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். சடைச்சி, கொடைக்கு வந்திருந்த கொம்பையாவோடு வண்டியேறி உசிலங்கரைக்குப் போய்விட்டாள், திரும்பி வரவே இல்லை. மறுநாள் மந்தைப்பக்கம் போனவர்கள் பார்த்தார்கள். இருளப்பன் அதே இடத்தில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். காய்ந்துபோன பொங்கலில் எறும்பு ஏறி அவன் கையெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தது, அவன் தட்டிவிடவில்லை.

ஆகையால் மக்களே, தனக்குத் தெரிந்த கெடுதியைத் தன் கௌரவத்துக்காக மூடி மறைக்கிறவன், தன்னை எல்லாரையும்விட அதிகமாக நம்புகிறவர்களைத்தான் முதலில் பலி கொடுக்கிறான்.